எட்டு நிமிடம் எங்கே போனது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம் என் ஊர். மதுரையில் பி.காம் படிக்கிறேன். மாமா வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது ஒரு அட்டைப்பெட்டி நிறைய டிவிடிகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் பழைய உலக சினிமா. முதலில் போட்டது ஜப்பான் இயக்குநர் குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’. கொள்ளைக்காரர்களிடமிருந்து தப்பிக்க ஒரு கிராமம் சோறு போட்டு ஏழு சாமுராய் வீரர்களை வரவழைக்கும் கதை. நான் சப்டைட்டிலை வாசித்துச் சொல்லச் சொல்ல அப்பத்தாவும் கூட உட்கார்ந்துவிட்டது. “அரிசிய வந்தவனுக்குப் பொங்கிப் போட்டுட்டு இவுக கஞ்சியக் குடிக்கிறாகளே” என்று ஒரே கோபம்.

சில சந்தேகங்கள். உறையில் 207 நிமிடம் என்று இருக்கிறது, பிளேயர் 199 காட்டுகிறது. வெட்டிவிட்டார்களா? படத்தின் இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கிறது என்று அண்ணன் ரிமோட்டில் ‘ஃபுல்’ அமுக்கிவிடுகிறான். சரியா? ‘பதேர் பாஞ்சாலி’ ஒரே கோடும் மழையுமாக ஓடுகிறது, பழைய படம் என்றால் அப்படித்தானா? எல்லாம் செல்லிலேயே கிடைக்குதே, டிஸ்க்கைக் கட்டிக்கொண்டு அழுகிறாயே என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

தங்கள் வாசகன்,
உசிலம்பட்டி

அன்புள்ள தம்பி,

யாரும் எதையும் வெட்டவில்லை. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். நம் ஊர் டிவிக்கான ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 25. அந்த முறையில் டிஸ்க் போடும்போது படத்தைச் சற்று வேகமாக ஓட்டிவிடுவார்கள். நூற்றுக்கு நாலு பங்கு வேகம் கூடும், குரல்களும் பெரும்பாலும் ஒரு இழை கீச்சென்று கேட்கும். 207 நிமிடம் 199க்குள் அடங்கிவிடும். உறையில் மூலப் படத்தின் நீளத்தை அச்சடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த 207ல் நடுவே இசையோடு வரும் இடைவேளையும் சேர்த்தி. ஜப்பான்காரரும் இடைவேளை விட்டிருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அண்ணனிடமிருந்து ரிமோட்டைப் பிடுங்கிவிடுங்கள். 1954ல் வந்த படம் அது. சட்டகத்தின் அகலமும் உயரமும் கிட்டத்தட்ட நாலுக்கு மூன்று. இன்றைய டிவி 16க்கு 9, அதனால் பக்கவாட்டில் கறுப்பு இருந்துதான் ஆக வேண்டும். ஏழு பேரில் ஒருவனான ஹெய்ஹச்சி ஒரு கொடி செய்வான் இல்லையா, அந்த இடத்தில் பாஸ் போட்டுப் பாருங்கள். ஆறு சாமுராய்களுக்கு ஆறு வட்டம், கிகுசியோவுக்கு மட்டும் முக்கோணம், அடியில் ஊருக்கு ஓர் எழுத்து. ‘ஃபுல்’ அமுக்கினால் ஆறு வட்டமும் கோழிமுட்டையாகிவிடும். கிகுசியோ விவசாயி மகன், சாமுராய் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன். அவனுடைய முக்கோணம் வட்டங்களுக்கும் ஊருக்கும் நடுவில் நிற்கிறது. படத்தில் இதை யாரும் விளக்கிப் பேசுவதில்லை.

அப்பத்தாவின் கோபம் சரியான இடத்தில் போய் விழுந்திருக்கிறது. சண்டைப் படம் என்று உட்கார்ந்தால் அரிசிதான் படம் முழுக்க வருகிறது. யார் பொங்குகிறார்கள், யார் தின்கிறார்கள், யார் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அடுத்த தடவை இன்னொன்றையும் கவனியுங்கள். ஏழு பேரில் நாலு பேர் சாகிறார்கள், நாலு பேரும் துப்பாக்கிக் குண்டில். வாளுக்கு ஒருவன் கூடப் பலியாகவில்லை. முதல் தடவை மழையும் சகதியுமான அந்தக் கடைசிச் சண்டையில் இது கண்ணில் படாது.

நண்பர்கள் சொல்வது பொய்யில்லை, நிறையப் படங்கள் செல்லில் கிடைக்கத்தான் செய்கின்றன. ஆனால் அங்கே ஒரு படம் முடிந்து பெயர் ஓடுவதற்குள் அடுத்தது வந்து கதவைத் தட்டும். பார்த்ததையே மறுபடி பார்க்க யாருக்குத் தோன்றும்? உங்களிடம் இருப்பது ஒரு பெட்டி. அது தீர்ந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். டிஸ்க்கில் எனக்குப் பிடித்ததே இந்தப் போதாமைதான். ஆசியாவிலேயே பெரிசு என்று தங்கம் தியேட்டரைப் பற்றிப் பெருமை பேசிய மதுரையில், எங்களில் பலருக்குக் குரோசாவா கிடைத்தது விசிடியில். ஒரு விசிடியில் 80 நிமிடத்துக்கு மேல் கொள்ளாது, எனவே இந்தப் படம் மூன்று டிஸ்க். மூன்றாவதில் கீறல் இருந்தால் கிராமம் பிழைத்ததா என்று தெரியாமலே தூங்கப் போக வேண்டும்.

சில டிவிடிகளில் கமென்டரி டிராக் இருக்கும், படம் ஓட ஓட ஒருவர் கூடவே விளக்கிப் பேசிக்கொண்டு வருவார். 1984ல் கிரைட்டீரியன் நிறுவனம் ‘கிங்காங்’ லேசர் டிஸ்க்கில் தொடங்கி வைத்த பழக்கம் அது. நல்ல விஷயம்தான். ஆனால் முதல் தடவையே போடாதீர்கள். அவர் பார்த்ததைத்தான் நீங்களும் பார்ப்பீர்கள்.

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ 1955ல் வந்தபோது அப்படிக் கோடு கோடாக இல்லை. உங்கள் டிஸ்க் தேய்ந்துபோன ஏதோ ஒரு பிரிண்டிலிருந்து எடுத்ததாக இருக்கும். இதுவும் இதைத் தொடர்ந்து அபு என்ற பையனின் கதையைச் சொல்லும் இரண்டு படங்களும் சேர்ந்து அபு படங்கள் மூன்று. அவற்றின் மூல நெகட்டிவ்கள் 1993ல் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீ விபத்தில் சிக்கின. கருகி மிஞ்சியதை இத்தாலியில் போலோனா நகரத்து லேபில் கையால் செப்பனிட்டு, 4கேயில் ஸ்கேன் செய்து, தேறாத இடங்களுக்கு வேறு பிரதிகளைச் சேர்த்து, 2015ல் புதிய பதிப்பு வந்தது. உங்கள் மாமா அடுத்து ஊருக்கு வரும்போது அதைக் கேளுங்கள். ஒன்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்: ப்ளூரே வாங்கினால் உங்கள் டிவிடி பிளேயரில் ஓடாது. டிவிடி என்றால் உறையில் ரீஜன் எண்ணை, அதாவது எந்தப் பகுதி நாடுகளுக்கான டிஸ்க் என்று காட்டும் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். நமக்கு 5, அமெரிக்காவுக்கு 1. எல்லா ரீஜனும் எடுக்கும் பிளேயராக இருந்தால் இந்தக் கவலை இல்லை.