அம்மாவின் கூறைப்பட்டைத் தெருவில் விற்காதீர்கள்

கேள்வி: 1976-ல் அம்மாவின் கல்யாணத்துக்குக் காஞ்சிபுரத்தில் எடுத்த கூறைப்புடவை மடிப்பு மடிப்பாக விட்டுவிட்டது. ‘பழைய பட்டுச்சேலை வாங்குறோம்’ என்று தெருவில் வந்தவர் 4,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா? (திருச்சி வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. அவருக்குத் தேவை அதிலுள்ள வெள்ளி. அசல் ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூல்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் போட்டது. புடவையை எரித்து உருக்கினால் வெள்ளி கைக்கு வரும். பேச்சுக்கு 200 கிராம் ஜரிகை, அதில் பாதி வெள்ளி என்று வையுங்கள். 100 கிராம் வெள்ளி இன்றைக்கு என்ன விலை என்று நீங்களே பாருங்கள்.

முந்தானையை நகத்தால் சுரண்டி, உதட்டைப் பிதுக்கி, “இது ஹாஃப் ஃபைன்மா, செம்புதான்” என்பார்கள். நம்பாதீர்கள். சுரண்டினால் சிவப்பு தெரிந்தால் அசல் என்று உறவினர் சொல்வதையும் நம்பாதீர்கள். செம்பு ஜரிகைக்குள்ளும் சிவப்பு நூல் வைக்கிறார்கள். உலோகம் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் இயந்திரத்தில் காட்டினால், ஓர் இழைகூட எடுக்காமல் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-லேயே புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு, வாங்கியாயிற்று. ஆனால் இந்தச் சோதனைக்கு நான் அனுப்பிய ஒரு அம்மாவை மூன்று அலுவலகம் ஏறி இறங்க வைத்தார்கள். மாவட்டத்துக்கு ஒரு இயந்திரம் வைக்க என்ன தடை?

விற்கலாம் என்று நான் சொல்வது ஒரே நிலையில்தான்: பட்டு முழுக்க உயிர்விட்டிருந்தால். அதையும் இழுத்துப் பார்க்காதீர்கள். வெளிச்சத்தில் விரியுங்கள். மடிப்பில் மட்டும் கீறியிருந்தால் பின்னால் மெல்லிய துணி கொடுத்து ரஃபூ செய்யலாம். உடல் முழுக்க விட்டிருந்தாலும் கரையும் முந்தானையும் பெரும்பாலும் நிற்கும். வெட்டிப் புதுப்பட்டில் வைத்துத் தைக்கலாம். அதுவும் போய்விட்டால் மட்டும் விற்கலாம். அப்போதும் புடவைக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள். கண்ணெதிரே உருக்கச் சொல்லி, வெள்ளி எடைக்குக் காசு வாங்குங்கள்.

விற்பதோ தைப்பதோ, முதலில் கரையை இரண்டு பக்கமும் படமெடுத்து வையுங்கள். உடலும் கரையும் சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். பல் பல்லாகக் கோத்திருந்தால் அது கோர்வை. ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்றை ஓட்டி, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து எறிந்து கொடுத்து நெய்தது. அந்தப் பக்க ஆள் இன்று கிடைப்பதே பெரும்பாடு. ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவில் தறி போட்டு மீட்டது இப்படிப்பட்ட பழைய கரைகளைத்தான். இன்றும் பழைய புட்டா கேட்டு ஒருவர் வந்தால், நெசவாளிக்கு மாதிரி இதுபோன்ற ஒரு வீட்டுப் பீரோவில்தான் இருக்கிறது. அதை அடுப்பில் போட்டுவிட்டுப் புத்துயிர் விழா நடத்துவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சரி, இன்றைக்குச் செய்ய வேண்டியது: பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படவே கூடாது.