நான்கு வட்டமும் ஒரு முயல் கூண்டும்

மேடம்,

டோக்கியோவில் நிஷிகசாய் என்ற பகுதியில் இருக்கிறோம். கணவருக்கு ஐ.டி. வேலை. நான் மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். இவருக்கு இங்கே வேலை கிடைத்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தேன். குடும்ப விசாவில் இருப்பவர்கள் அனுமதி வாங்கினாலும் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அதற்குள் எனக்குக் கிடைத்தது மசாலாக் கடையில் பில் போடுகிற வேலை. எம்.ஃபில். முடித்தவள் அதற்குப் போவேனா?

வாழ்வதற்கான காரணம் என்று ஜப்பானியர்கள் சொல்லும் இகிகாய் பற்றி நிறைய வீடியோ பார்த்தேன். பிடித்தது, நன்றாகச் செய்ய வருவது, உலகத்துக்குத் தேவையானது, சம்பளம் தருவது என்று நான்கு வட்டம். நான்கும் சேரும் இடத்தில்தான் வாழ்க்கைக்கு அர்த்தம் என்கிறார்கள். நோட்டு நோட்டாக எழுதிப் பார்த்துவிட்டேன், நடுவில் ஒன்றும் விழவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயதிருக்கும். காலையில் பார்க்குக்குப் போய் ரேடியோ உடற்பயிற்சி செய்கிறார், தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார், சிரித்த முகமாக இருக்கிறார். இகிகாய் பிறந்த நாட்டிலேயே இருந்துகொண்டு எனக்கு மட்டும் அது இல்லை.

இவரிடம் சொன்னால், "உனக்கு என்ன குறை?" என்கிறார். இவருக்கு ஆபீஸ் இருக்கிறது, அங்கே ஒரு பேர் இருக்கிறது. என் படிப்பு வீணாய்ப் போனது இவர் கண்ணுக்கே தெரியவில்லை.

என் நிலைமை மகளுக்கு வரக்கூடாது என்று அவளுக்கும் நான்கு வட்டம் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் முயல்களைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் இருந்தாள். கூண்டு கழுவி என்ன ஆகப்போகிறது, அடுத்த பருவத்தில் அதை எடுக்காதே என்று சொல்லி, கோடிங் வகுப்பில் சேர்த்தேன். போன வாரம் "உனக்குப் பிடிச்சது என்னடி?" என்று கேட்டதற்கு, "எதுவும் இல்லம்மா. உனக்குப் பிடிச்சதை எழுதிக்கோ" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான், அதை விடுங்கள்.

என் கேள்வி, நாற்பதைத் தாண்டியவள் இகிகாயை எப்படிக் கண்டுபிடிப்பது? எம்.ஃபில். படித்துவிட்டு மசாலாக் கடையில் நிற்பதா அர்த்தம்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

"அதை விடுங்கள்" என்று எழுதிவிட்டீர்கள். என்னால் விட முடியவில்லை. எம்.ஃபில். உங்கள் கடிதத்தில் இரண்டு முறை வருகிறது, மசாலாக் கடையும் இரண்டு முறை வருகிறது. மகளுக்கு ஒரே ஒரு பத்தி, அதையும் நீங்களே தள்ளிவிட்டீர்கள்.

உங்கள் மகளுக்குப் பிடித்தது ஒன்று இருந்தது. நீங்கள் கேட்பதற்கு முன்பே இருந்தது. காலையில் சீக்கிரம் போய், புழுக்கையைக் கூட்டி, கூண்டைக் கழுவி, கீரை போடுகிற வேலை. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிடித்ததை எழுது என்று தாளை நீட்டியிருக்கிறீர்கள். இன்னொன்றைச் சொல்லி அதையும் பறிகொடுக்க அவள் என்ன ஏமாளியா? "உனக்குப் பிடிச்சதை எழுதிக்கோ" என்றதில் திமிர் எதுவும் எனக்குத் தெரியவில்லை. வீட்டு நிலவரத்தைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அந்த முயல்களுக்கு என்ன பெயர் என்றாவது கேட்டிருக்கிறீர்களா?

அந்த நான்கு வட்டம் ஜப்பானில் வரைந்ததே அல்ல. ஸ்பெயினைச் சேர்ந்த ஆந்த்ரேஸ் சுசுனாகா என்ற ஜோதிடர் 2011இல் போட்ட படம் அது. நடுவில் அவர் எழுதியிருந்தது 'நோக்கம்'. 2014இல் மார்க் வின் என்பவர் அதை எடுத்துவிட்டு 'இகிகாய்' என்று எழுதித் தன் வலைப்பதிவில் போட்டார், உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் அந்தப் படத்தைக் காட்டுங்கள். தொட்டிச் செடிக்கு யார் சம்பளம் தருவார்கள் என்று அவர் சிரிக்கக்கூடும்.

ஜப்பானில் இகிகாயை ஆழமாக ஆராய்ந்தவர் மியெகோ கமியா என்ற மனநல மருத்துவர். நாகஷிமா தீவில் இருந்த தொழுநோய் இல்லத்தில் வேலை பார்த்தவர். அங்கே இருந்தவர்கள் சட்டப்படி ஊரைவிட்டும் குடும்பத்தைவிட்டும் பிரிக்கப்பட்டவர்கள். அந்தச் சட்டமே 1996இல்தான் போனது. நோய் லேசாக இருந்தவர்களில் பலர் வாழ்க்கை வெறுமையாக இருக்கிறது என்றார்கள். உடம்பு மிகவும் சிதைந்துபோன சிலர் நிறைவாக இருந்தார்கள். இது ஏன் என்ற கேள்விதான் அவரை 1966இல் இகிகாய் பற்றிப் புத்தகம் எழுத வைத்தது. அதே இல்லத்தில் பார்வை இழந்தவர்கள் சேர்ந்து மௌத் ஆர்கன் குழு ஒன்று வைத்திருந்தார்கள். விரல்கள் மரத்துப்போனதால் குழுவை நடத்தியவர் பிரெய்ல் புள்ளிகளை நாக்கால் தடவிப் படித்தார். சம்பள வட்டத்தில் அவர் எதை எழுதியிருப்பார்?

உங்கள் ஏக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. வகுப்பறையை விட்டு வந்தது பெரிய இழப்புதான். "உனக்கு என்ன குறை?" என்று உங்கள் கணவர் கேட்டது தப்பு. ஆனால் அந்த இழப்புக்கு நீங்கள் மகளிடம் வட்டி வசூலிக்கிறீர்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மசாலாக் கடையை எந்தக் கண்ணால் பார்த்தீர்களோ, முயல் கூண்டையும் அதே கண்ணால்தான் பார்த்திருக்கிறீர்கள். பேரும் பதவியும் இல்லாத வேலை எதுவும் உங்களுக்கு வேலையாகவே தெரிவதில்லை. பாட்டியின் தொட்டிச் செடியைப் பார்த்து ஏங்குகிறீர்கள். அதே மாதிரி ஒன்று உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இருந்தபோது, அது தண்டம் என்று தோன்றியிருக்கிறது. உங்களுக்கு வட்டத்தின் நடுவில் ஒன்றும் விழாததற்குக் காரணம் விசா மட்டும்தானா?

ஃபிரிட்ஜில் இருக்கும் தாளை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். முயல் குழுவில் திரும்பச் சேர ஆசையா என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று துருவாதீர்கள். சாப்பாடு, தூக்கம் குறைகிறதா, பள்ளிக்குப் போக அடம்பிடிக்கிறாளா என்று மட்டும் கவனியுங்கள். அப்படி ஏதாவது இருந்தால் பள்ளிக்கு வரும் ஆலோசகரைப் பாருங்கள். வகுப்பாசிரியரிடம் சொன்னால் நேரம் வாங்கித் தருவார்.

மசாலாக் கடைக்குப் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். போவதா வேண்டாமா, ஊருக்குத் திரும்பி மறுபடி பாடம் எடுப்பதா என்பதையெல்லாம் உங்கள் கணவரை உட்காரவைத்துப் பேசுங்கள். ஒரு முறை கேட்டுத் தட்டிவிட்டால் மறுபடியும் பேசுங்கள். அந்தச் சண்டை உங்கள் இருவருக்கும் உரியது. ஐந்தாம் வகுப்பில் படிக்கிறவளை அதற்குள் இழுக்க வேண்டாம்.