லோகோ போட்ட மக் வாங்கும் முன்

கேள்வி: எங்கள் அலுவலக நிகழ்ச்சிக்கு வருகிறவர்களுக்கு லோகோ அச்சிட்ட மக் கொடுக்க நினைக்கிறோம். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

இந்த வேலை இரண்டு முறை என் தலையில் விழுந்திருக்கிறது. முதல் முறை சொதப்பினேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

அப்போது 200 மக் வாங்கினோம். இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு லோகோ, அதன் கீழே நிகழ்ச்சியின் பெயர், தேதி. நிகழ்ச்சி முடிந்ததும் 40 மிஞ்சியது. தேதி போட்டுவிட்டதால் அடுத்த நிகழ்ச்சிக்கும் கொடுக்க முடியவில்லை. ஒரு மாதம் கழித்து கூட வேலை செய்பவர் ஒருவரின் மேசையில் அதே மக்கைப் பார்த்தேன். உள்ளே நாலு பேனா, ஒரு கத்தரிக்கோல். எடுத்துப் பிடித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது: கைப்பிடிக் காதுக்குள் ஒரு விரல்தான் நுழைகிறது, விளிம்பு உதட்டில் மொத்தையாக இடிக்கிறது. அதில் யார் காபி குடிப்பார்கள்?

அதனால் முதலில் மக்கைப் பாருங்கள், அச்சு அப்புறம். வெறும் மக் ஒன்றை வாங்கி, சூடாக எதையாவது நிறைய ஊற்றி, காதைப் பிடித்துத் தூக்குங்கள். விரல் முட்டி மக்கின் உடம்பில் பட்டுச் சுட்டால் அந்த வடிவம் வேண்டாம். கவிழ்த்து அடியைத் தடவிப் பாருங்கள்; சொரசொரப்பாக இருந்தால் பரிசாகப் பெறுகிறவர் வீட்டு மேசையில் கோடு விழும். அச்சுக் கடைகளில் பொதுவாகக் கிடைப்பது 11 அவுன்ஸ் அளவு, அதாவது சுமார் 325 மில்லி. பெரும்பாலானவர்களுக்கு அது போதும்.

அச்சில் குறைந்த எண்ணிக்கைக்கு எல்லாரும் செய்வது சப்ளிமேஷன். தாளில் அச்சடித்த மையை 180 முதல் 200 டிகிரி சூட்டில் சில நிமிடம் அழுத்தினால், மை ஆவியாகி மக்கின் மேல் பூசியிருக்கும் பாலியஸ்டர் பூச்சுக்குள் இறங்கிவிடும். நகத்தால் தடவினால் மேடு தட்டுப்படாது. தட்டுப்பட்டால் அது மேலே ஒட்டியோ படிந்தோ நிற்கிற வேறு வகை. நாளாக நாளாக உரியலாம். சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாது, மக்கின் வெள்ளைதான் வெள்ளை. ஆகவே கறுப்பு மக்கில் வெள்ளை லோகோ வேண்டுமென்றால் வேறு முறைக்குப் போக வேண்டும். ஒரே நிற லோகோ, ஆயிரக்கணக்கில் வேண்டும் என்றால் வலைத்திரை வழியாக மையைத் தேய்த்து அச்சடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் கட்டுப்படியாகும். சூளையில் வைத்துச் சுட்ட அச்சு என்றால் கழுவக் கழுவத் தாங்கும்.

நிறத்தில்தான் எனக்கு அடுத்த அடி. திரையில் கருநீலமாக இருந்த லோகோ மக்கில் கத்தரிப்பூ நிறத்தில் வந்து நின்றது. அச்சடித்தவரைத் திட்டிப் பயனில்லை. படத்தைப் பார்த்து ஓகே சொன்னது நான். உங்கள் நிறத்துக்கு பான்டோன் எண் (அச்சுத் தொழிலில் ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ள குறியீடு) இருந்தால் கொடுங்கள், லோகோவை எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் கோப்பாகக் கொடுங்கள், அச்சடித்த ஒரு மக் கைக்கு வராமல் மீதிக்குச் சரி சொல்லாதீர்கள். அந்த ஒன்றைப் பத்து நாள் தேய்த்துக் கழுவிப் பார்க்க அவகாசம் இருந்தால் இன்னும் நல்லது.

யாரும் யோசிக்காத ஒன்று, லோகோ எந்தப் பக்கம் என்பது. வலது கையில் பிடித்துக் குடிக்கும்போது, காது வலப்புறம் இருக்கிற முகம் குடிப்பவரைப் பார்க்கும். எதிரில் இருப்பவருக்கு மறுபக்கம் தெரியும். நான் இப்போது சின்ன லோகோவை வெளிப்பக்கம் வைக்கிறேன், குடிப்பவர் பக்கம் அவர் பெயர் மட்டும். தன் பெயர் போட்ட மக்கில் யாரும் கத்தரிக்கோல் வைத்து நான் பார்த்ததில்லை. வாய் படும் மேல் 2 சென்டிமீட்டரில் அச்சே வேண்டாம். ஈயம், காட்மியம் கலந்த வண்ணங்கள் பற்றிய கவலை அங்கேதான் அதிகம்.

சூடு பட்டால் படம் தெரியும் மேஜிக் மக், முதல் நாள் வியப்போடு சரி. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் பூச்சு போய்விடும். தங்க வளையம் போட்டவையும் ஸ்டீல் மக்கும் மைக்ரோவேவுக்கு ஆகாது. ஆனால் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஸ்டீல்தான் என் தேர்வு. லேசரில் பெயர் பொறித்தால் அழியாது, பெட்டிக்குள் உடையாது.

பீங்கான் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி அட்டைப்பெட்டி கேளுங்கள். ஒரு மக் ஏறக்குறைய 300 கிராமுக்கு மேல் இருக்கும். நூறு மக் முப்பது கிலோவைத் தாண்டும். அரங்கத்தில் யார் தூக்குவது என்று முன்பே பேசி வையுங்கள். உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து கூடுதலாகச் சொல்லுங்கள். தேதி போடாதீர்கள். இரண்டாம் முறை பெயர் போடாமல் மிஞ்சிய 11 மக்கும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களின் மேசைக்குப் போய்விட்டன.