கட்டி தீங்கில்லை என்ற பிறகும் ஏன் மறுபடி ஸ்கேன்?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 44. பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. ஜூலையில் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'பைராட்ஸ் 4ஏ' என்று எழுதி, ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். ஃபைப்ரோஅடினோமா, புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது. தண்ணீர்மலை முருகனுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தால், ஜனவரியில் மறுபடி ஸ்கேன் என்று கார்டு கொடுத்திருக்கிறார்கள். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க விரதம் இருக்கும் நேரம். "இல்லைன்னு சொன்ன பிறகு எதுக்கு இந்தச் செலவு?" என்கிறார் மாமியார். தோழி ஒருத்திக்கும் இதே முடிவுதான். அவளை ஒரு வருடம் கழித்து வந்தால் போதும் என்றார்களாம். யார் சொல்வது சரி?
– பட்டர்வொர்த் வாசகி

பதில்: உங்களுக்கு ஆறு மாதம் என்றதும், தோழிக்கு ஒரு வருடம் என்றதும், இரண்டுமே சரியாக இருக்கலாம், தங்கச்சி. நான் டாக்டர் இல்லை, மெமோகிராம் (மார்பு எக்ஸ்ரே) அறையில் படம் எடுத்து ஓய்வு பெற்றவள். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

ஊசியில் வருவது கட்டியின் சில மெல்லிய துண்டுகள்தான். நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கு அந்தத் துண்டுகள் மட்டுமே தெரியும். அதனால் படத்தையும் சதை முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று ரேடியாலஜிஸ்ட் (ஸ்கேன் படம் படிக்கும் டாக்டர்) பார்ப்பார். முட்டை வடிவம், வழுவழுப்பான ஓரம், முடிவு ஃபைப்ரோஅடினோமா என்றால் பொருத்தம். ஓரம் முள் முள்ளாக இருந்து, 'சாதாரணச் சதை' என்று முடிவு வந்தால் பொருத்தமில்லை. அப்போது ஆறு மாதம் காத்திருக்கவே கூடாது. மறுபடி சதை எடுக்க வேண்டும், அல்லது அறுவை சிகிச்சை டாக்டரைப் பார்க்க வேண்டும். நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "படமும் முடிவும் ஒத்துப்போகுதா டாக்டர்?" தோழியின் கார்டை உங்கள் கார்டோடு ஒப்பிடுவது அதற்குப் பிறகு.

பைராட்ஸ் என்பது மார்புப் படத்தில் எவ்வளவு சந்தேகம் என்று காட்டப் போடும் எண். அதில் 4ஏ என்பதைப் பார்த்து எத்தனை பேர் தூக்கம் கெட்டிருக்கிறார்கள்! புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல், 10 சதவீதம் வரை என்பதுதான் அதன் கணக்கு.

முன்பெல்லாம் எல்லாரையும் ஆறு மாதத்தில் வரச் சொல்வார்கள். ஃபைப்ரோஅடினோமா போலத் தெளிவான முடிவு வந்து, படத்தோடும் பொருந்தியவர்களிடம் அந்த ஆறாம் மாத ஸ்கேனில் புதிதாகப் பிடிபடுவது மிகக் குறைவு என்று தெரிந்ததால், பல இடங்களில் ஒரு வருடத்துக்கு மாறிவிட்டார்கள். சில இடங்களில் இன்னும் பழைய வழக்கம். ஆறு மாதம் என்று சொல்வதாலேயே ஏதோ மறைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

அந்த ஸ்கேனில் அளவைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். 15 மில்லிமீட்டர் 16 ஆனால் பதறாதீர்கள். ஸ்கேன் கருவியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலே அவ்வளவு மாறும். ஆறு மாதத்தில் 20 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தால்தான், அதாவது 15 இருந்தது 19 ஆனால், மறுபடி சதை எடுக்கும் பேச்சு வரும். பைலோடிஸ் என்ற கட்டி தொடக்கத்தில் ஃபைப்ரோஅடினோமா போலவே வேஷம் போடும். வளரும் வேகத்தில்தான் மாட்டிக்கொள்ளும். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். முடிந்தால் அவரையும் கூட அழைத்துப் போங்கள், அவருக்கும் மெமோகிராம் எடுத்த மாதிரி ஆகும்.

தைப்பூசத்துக்காக இரண்டு வாரம் தள்ளிப்போட்டால் குடி முழுகாது. ஆனால் போன் செய்து புதுத் தேதியை வாங்கிவிட்டுத்தான் பழையதை விட வேண்டும். 'அப்புறம் பார்க்கலாம்' என்றவர்கள் இரண்டு வருடம் கழித்து வந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேறு மருத்துவமனைக்குப் போவதானால் பழைய படங்களின் சிடியையும் சதை முடிவையும் கையோடு கொண்டு போங்கள். ஒப்பிடப் பழையது இல்லாவிட்டால் புது ஸ்கேனில் பாதிப் பலன்தான். மெமோகிராமும் உண்டென்றால் அன்று அக்குளில் பவுடர், டியோடரன்ட் வேண்டாம்; படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி விழுந்து எங்களைக் குழப்பும். திருநீறு நெற்றியோடு நிற்கட்டும்.

ஜனவரிக்கு முன்பே கட்டி பெரிதானாலோ, தோல் குழிந்தாலோ, காம்பிலிருந்து ரத்தம் கசிந்தாலோ, கார்டில் உள்ள தேதியைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். அந்த வாரமே போங்கள்.