டச்பே பழைய வீட்டை வாங்கித் திருத்தி விற்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. எனக்கு 41 வயது, திருகோணமலையில் அரச பாடசாலை ஆசிரியை. கணவர் கத்தாரில் வேலை. நிலையான வைப்பில் 120 இலட்சம் ரூபாய் இருக்கிறது, வட்டி 8 வீதம். டச்பே பக்கம் தூண் வைத்த விறாந்தையோடு ஒரு பழைய ஓட்டு வீடு 160 இலட்சத்துக்கு வருகிறது. ஐந்து சகோதரர்களின் முதிசம், மூவர் கனடாவில். 45 இலட்சம் போட்டுத் திருத்தினால் 280 இலட்சத்துக்கு விற்கலாம் என்கிறார் தரகர். உவர்மலையில் நாங்கள் இருக்கும் வீட்டை ஈடு வைத்தால் வங்கி 13 வீத வட்டிக்கு 100 இலட்சம் தரும். இது சரிவந்தால் வேலையை விட்டுவிட்டு, காலி நகரில் பழைய வீடுகளைத் திருத்தி விற்பதுபோல இதையே தொழிலாகச் செய்ய ஆசை. இறங்கலாமா?

பதில்: தொழிலில் இறங்கலாம் தங்கச்சி. ஆனால் வீடு வாங்கி இறங்காதீர்கள்.

தரகர் சொன்ன கணக்கில் 75 இலட்சம் லாபம் நிற்கிறது. அவர் விட்டதைச் சேர்ப்போம். உறுதி எழுதும்போது முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 160 இலட்சத்துக்கு அது 6 இலட்சத்து 39 ஆயிரம். நொத்தாரிஸ் கட்டணம் தனி. வாங்கி, அனுமதி எடுத்து, திருத்தி, விற்றுக் காசு கைக்கு வர இரண்டு வருடம் என்று வையுங்கள். ஐப்பசி தொடங்கித் தை வரை மழையில் கூரையைப் பிரிக்க முடியாத ஊர் இது. இரண்டு வருட வட்டி 26 இலட்சம். பழைய வீட்டில் ஓடுகளைக் கழற்றிய பிறகுதான் எத்தனை கூரை வளை உளுத்திருக்கிறது என்று தெரியும், அதனால் திருத்த வேலைக்கு இன்னொரு 15 இலட்சம். விற்கும்போது தரகுக்கு 3 வீதம், அதாவது 8 இலட்சத்து 40 ஆயிரம். எல்லாம் போக மிஞ்சுவது ஏறக்குறைய 19 இலட்சம். உங்கள் 120 இலட்சம் வைப்பிலேயே கிடந்தால் இரண்டு வருடத்தில் வரும் வட்டியும் அதே 19 இலட்சம்தான்.

இதைவிட என்னைப் பயமுறுத்துவது வேறு. வங்கிக் கடன் போக உங்கள் கையிலிருந்து போக வேண்டியது சுமார் 152 இலட்சம். இருப்பது 120. ஆக, கூரை பாதியில் நிற்கும்போது 32 இலட்சம் குறையும். அந்த நேரம் ஈட்டில் இருப்பது பிள்ளைகள் படுத்துறங்கும் வீடு.

வரியையும் மறக்க வேண்டாம். ஒரு வீட்டை வைத்திருந்து விற்றால் அது மூலதன ஆதாயம். விற்பதற்காகவே வாங்கித் திருத்தினால் இறைவரித் திணைக்களம் அதை வியாபார வருமானமாகப் பார்க்கும். தனிநபருக்கு அந்த வீதம் 36 வரை போகிறது.

சரி, உறுதிக்கு வருவோம். நம் ஊர்ப் பழைய வீடுகளில் சுவரைவிட வெடிப்பு அதிகம் இருப்பது அங்கேதான். இறந்த பெற்றோரின் சொத்தைப் பிள்ளைகளுக்கு மாற்றும் மரணசாதன வழக்கு முடிந்ததா? கனடாவில் இருப்பவர்கள் தங்களுக்காக இன்னொருவர் கையொப்பமிட அற்றோணித் தத்துவம் கொடுத்திருந்தால், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா? அவர் இறந்தால் அதுவும் செத்துவிடும். வேறு யாராவது நெடுநாள் குடியிருக்கிறார்களா? பத்து வருட ஆட்சி உரிமை கேட்டு வழக்குப் போடலாம். யுத்தத்தால் காணியை விட்டுப் போனவர்களுக்காக 2016 இல் விசேட சட்டம் வந்தது உண்மை, ஆனால் அதைச் சொல்லி வாதாடவும் நீதிமன்றப் படி ஏற வேண்டும். ஐந்து பேரில் ஒருவர் கையொப்பம் இட மறுத்தாலே பங்குபிரிப்பு வழக்கு. அது முடியும் வரை வங்கி காத்திருக்காது.

காலியை உதாரணம் காட்டினீர்கள். அங்கே கோட்டைக்குள்ளேயே தெருத்தெருவாக மக்கள் வாழ்கிறார்கள். 1988 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 2011 இல் கொழும்பிலிருந்து அதிவேகப் பாதை வந்தது. ஒரு வீட்டைத் திருத்தினால் பக்கத்து வீட்டின் விலையும் ஏறும். நம் பிரட்ரிக் கோட்டைக்குள் இராணுவமும் மான்களும் கோணேசர் கோவிலும்தான். பழைய வீடுகள் நகரமெங்கும் ஒன்று இங்கே ஒன்று அங்கே, நடுவில் கண்ணாடி போட்ட மாடிக் கடைகள். அப்புறம், 280 இலட்சம் கொடுத்து வாங்கப்போவது யார்? பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணி எழுத முடியாது. கனடாக் கடவுச்சீட்டு எடுத்தவர் இரட்டைப் பிரஜாவுரிமை வைத்திருந்தால்தான் வாங்கலாம். உங்கள் வாடிக்கையாளர் வட்டம் அங்கேயே பாதியாகிறது.

வெளிநாட்டில் இருக்கும் அதே ஆட்களை வேறு பக்கமாகப் பாருங்கள், தொழில் அங்கேயே இருக்கிறது. விற்கவும் மனமில்லை, பார்க்கவும் ஆளில்லை என்று பூட்டிக் கிடக்கும் வீடுகளின் சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்களிடம் 12 அல்லது 15 வருடக் குத்தகைக்கு ஒரு சின்ன வீடு கேளுங்கள். முதல் மூன்று வருடம் வாடகைக்குப் பதிலாகத் திருத்த வேலை. இடையில் ஒப்பந்தம் முறிந்தால் செலவுக்கு எவ்வளவு திரும்ப வரும் என்பதை வருடவாரியாக எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிஸ் முன் எழுதப்பட வேண்டும். காணிப் பதிவகத்தில் பதியவும் வேண்டும். உறவினர்தானே என்று வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

இதற்கு 35 இலட்சத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள், கடன் வேண்டாம், வேலையை விடவும் வேண்டாம். ஓய்வூதியம் வரும் உத்தியோகம் இது. சுற்றுலாப் பயணிகளை மட்டும் நம்பினால் மே முதல் செப்டெம்பர் வரைதான் வருமானம். முன்பக்கத்தை அலுவலகமாகவோ வைத்திய ஆலோசனை நிலையமாகவோ வருடம் முழுக்க வாடகைக்கு விட்டு, பின்பக்க அறைகளைச் சீசனுக்கு வையுங்கள்.

வேலையாட்களைத் தெரிவதில் கவனம். பழைய சுவர் முருகைக்கல்லும் சுண்ணாம்புமாக இருந்தால் சீமெந்து பூச விடக் கூடாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு உள்ளே தங்கி, பூச்சு பொரிந்து கொட்டும். மலிவாக முடித்துத் தருகிறேன் என்கிற மேசன் முதலில் அதைத்தான் செய்வார். சுண்ணாம்புச் சாந்து தெரிந்த ஒரு மேசனும் மர வேலைக்கு நல்ல ஓடாவியும் கிடைத்தால் அவர்களை விடாதீர்கள். பிறகு மற்ற வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டையும் திருத்தித் தரச் சொல்லி உங்களுக்குக் காசு கொடுப்பதே இந்த ஆட்களுக்காகத்தான்.

டச்பே வீட்டில் இன்னும் மனம் இருந்தால் முற்பணம் கொடுக்க முன் இரண்டு வேலை. 30 வருடத்துக்குக் காணிப் பதிவகத்தில் தேடுவியுங்கள். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் இருந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்திடமும், பழமையைப் பொறுத்துத் தொல்லியல் திணைக்களத்திடமும் என்ன அனுமதி வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அதற்குள் வேறு ஆள் வாங்கிவிடுவார் என்று தரகர் அவசரப்படுத்தினால், வாங்கட்டும்.