ஐந்தாவது ஆள்

அன்புள்ள ஐயா,

நாடகம் எழுதுகிறவரை ஆங்கிலத்தில் 'பிளேரைட்' என்கிறார்கள். எழுதுவதைக் குறிக்கும் 'ரைட்' என்று நினைத்து டபிள்யூ-ஆர்-ஐ-டி-ஈ போட்ட என் மகளுக்கு மதிப்பெண் போய்விட்டது. நடுவில் ஜி-எச் எங்கிருந்து வந்தது? ஆங்கிலம் ஏன் இத்தனை ஒழுங்கற்ற மொழியாக இருக்கிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மகளைத் திட்டினீர்களா? திட்டியிருந்தால் முதலில் போய்ச் சமாதானம் செய்யுங்கள். 'பிளேரைட்டிங்' என்னும் சொல்லை ஆங்கிலேயர்களே எழுதுதலின் எழுத்துகளோடுதான் எழுதுகிறார்கள். மதிப்பெண் கிடக்கட்டும். ஒழுங்கைப் பற்றிய புலம்பலும் வேண்டாம். சதை, தசை இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிற நாம் அதைப் பேசக் கூடாது.

அந்த 'ரைட்'டும் சதை-தசை கதைதான். பழைய ஆங்கிலத்தில் 'விர்ஹ்டா' என்றால் வேலை செய்பவன், ஆக்குபவன். 'வொர்க்' என்ற சொல்லுக்கு உறவு. ரகரம் இடம் மாறி முன்னே வந்துவிட்டது. நீங்கள் கேட்ட ஜி-எச், செத்துப்போன ஹகர ஒலியின் எலும்பு. சக்கரம் செய்பவர் வீல்ரைட், கப்பல் கட்டுபவர் ஷிப்ரைட், வண்டி செய்பவர் கார்ட்ரைட். அந்தப் பட்டறை வரிசையில் நாடகக்காரரும் நிற்கிறார்.

மரியாதைக்காக நிறுத்தவில்லை. ஷேக்ஸ்பியர் காலத்து நாடகாசிரியர் பென் ஜான்சன் 1616இல் வெளியிட்ட தொகுப்பில் 'பிளேரைட்' என்று ஒருவரை விளித்துக் குறுங்கவிதைகளில் கிண்டல் செய்கிறார். தன்னைக் கவிஞர் என்றே சொல்லிக்கொண்டவர். ஆனால் இளமையில் செங்கல் அடுக்கியவர். எதிரிகள் அதைச் சொல்லித்தான் அவரைக் குத்தினார்கள். கொத்தனார் தச்சரை இளக்காரம் செய்தால் எனக்குக் கோபம் வராதா? லண்டனில் 1576இல் 'தி தியேட்டர்' அரங்கை எழுப்பிய ஜேம்ஸ் பர்பேஜ் தச்சுத் தொழிலிலிருந்து வந்தவர். 1598 டிசம்பரில் அதைப் பிரித்தார்கள். அந்த மரங்களைத் தேம்ஸின் தென்கரைக்குக் கொண்டுபோய் 'குளோப்' அரங்கைக் கட்டியவர் பீட்டர் ஸ்ட்ரீட் என்ற தச்சர். ஷேக்ஸ்பியரின் வசனம் ஒலித்தது பழைய மரங்களுக்கு நடுவில்தான்.

இருபது வயதில் நானும் ஒரு நாடகம் எழுதினேன். மேடை போட வந்த தச்சர் பிரதியை வாங்கி, விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, உள்ளே ஐந்து பேர் வந்திருக்கிறார்கள். நான்கு பேர்தான் வெளியே போகிறார்கள். மீதி ஆள் எங்கே?"

மூன்று மாதம் வசனத்தை இழைத்துக்கொண்டிருந்தேன், ஆட்களை எண்ணவில்லை. எத்தனை யோசித்தும் அந்த ஐந்தாவது ஆள் கிளம்பக் காரணம் கிடைக்கவில்லை. கடைசியில் தச்சரே ஒரு கட்டில் அடித்துப் போட்டார். திரை விழும்வரை அவன் அதில் தூங்கினான்.