மாற்றியமைத்த காருக்கு டிரை சம்ப் அவசியமா?

கேள்வி: என்னுடையது 2 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ எஞ்சின் கொண்ட பின்சக்கர இயக்கக் கார். எஞ்சினின் சக்தியைக் கூட்டி, சஸ்பென்ஷனையும் டயர்களையும் மாற்றியிருக்கிறேன். பெரும்பாலும் சாலையிலும், அவ்வப்போது பந்தயத் தடத்திலும் ஓட்டுகிறேன். எஞ்சின் ஆயிலைத் தனி டேங்கில் வைக்கும் டிரை சம்ப் அமைப்பைப் பொருத்தினால் ஹார்ஸ் பவரும் கூடும், எஞ்சினும் பத்திரமாக இருக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அதற்கு ஆகும் செலவுக்குத் தக்க பலன் கிடைக்குமா?

பதில்: நீங்கள் சொல்லும் பயன்பாட்டுக்கு இப்போதைக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து. ஆனால் இதே காரில் நாளை நீங்கள் ஸ்லிக் டயர் (பள்ளக் கோடுகள் இல்லாத பந்தய டயர்) மாட்டினால் என் பதிலும் மாறக்கூடும் என்பதால், காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வழக்கமான கார்களில் பிஸ்டன்கள் சுழற்றும் முக்கிய அச்சான கிராங்க் ஷாஃப்டுக்குக் கீழே, சம்ப் எனப்படும் தொட்டியிலேயே ஆயில் தேங்கியிருக்கும். அதில் மூழ்கியிருக்கும் ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டி வலை வழியாகப் பம்ப் அதை இழுத்து, ஃபில்டர் வழியே பேரிங்குகளுக்கு அனுப்பும். வெட் சம்ப் என்பது இதுதான். கார் வளைவில் திரும்பும்போது இந்த ஆயில் முழுவதும் வெளிப்பக்கமாக ஒதுங்குகிறது. பக்கவாட்டு விசை 1 ஜி அளவை, அதாவது புவியீர்ப்புக்குச் சமமான அளவை, எட்டினால் ஆயிலின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்து நிற்கும். எஞ்சின் வேகமாகச் சுழலும் நேரத்தில் ஆயிலின் ஒரு பகுதி சிலிண்டர் ஹெட்டிலும் கிராங்கைச் சுற்றியும் இருப்பதால், சம்பில் மிஞ்சியிருப்பது நீங்கள் ஊற்றிய அளவைவிடக் குறைவாகவே இருக்கும். ஸ்ட்ரெய்னரின் வாய் ஆயிலை விட்டு வெளியே வந்ததும் பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கிவிடும். 6,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6,000 சுற்றுகள்) கிராங்க் வினாடிக்கு 100 முறை சுற்றுகிறது; அரை வினாடி ஆயில் கிடைக்காவிட்டாலும் 50 சுற்றுகள் வறண்ட நிலையில் போகின்றன. முதலில் அடிபடுவது பெரும்பாலும் கனெக்டிங் ராட் பேரிங்தான், ஏனென்றால் அதற்குப் போகும் ஆயில் மெயின் பேரிங்கைக் கடந்து, கிராங்கின் உள்ளே குடைந்த துளை வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும்.

டிரை சம்ப் அமைப்பில் ஆயில் எஞ்சினுக்கு அடியில் தங்குவதே இல்லை. ஸ்கேவஞ்ச் பம்ப் எனப்படும் பிரிவுகள் அடித்தட்டில் விழும் ஆயிலை உடனுக்குடன் உறிஞ்சித் தனியான டேங்குக்கு அனுப்புகின்றன. அந்த உயரமான, குறுகலான டேங்கில் ஆயில் சுழன்று இறங்கும்போது காற்று பிரிந்துவிட, அதன் அடியிலிருந்து பிரஷர் பம்ப் ஆயிலை எடுத்துக்கொள்கிறது. கார் எப்படிச் சாய்ந்தாலும் டேங்கின் அடிவாய் மூழ்கியே இருக்கும் என்பதுதான் இதன் முதன்மையான பலன். அடித்தட்டின் ஆழம் குறைவதால் எஞ்சினைத் தாழ்வாக உட்காரவைக்கவும் முடியும். 1954இல் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல் காரில் பானெட்டைத் தாழ்த்துவதற்காக எஞ்சினைச் சாய்த்துப் பொருத்தி, அதற்கு டிரை சம்பும் கொடுத்தார்கள். போர்ஷே 911 தொடக்கத்திலிருந்தே இந்த அமைப்போடு வந்தது. 2006ஆம் ஆண்டின் கார்வெட் இசட்06 காரின் 7 லிட்டர் எஞ்சினுக்கும் நிறுவனமே இதைப் பொருத்தித் தந்தது. ஆனால் அங்கெல்லாம் பிளாக், பம்ப், டேங்க் மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வடிவமைத்திருந்தார்கள். வாங்கிப் பொருத்தும் கிட்டில் அந்தப் பொருத்தத்தை உண்டாக்கும் வேலை உங்கள் தலையில் விழுகிறது.

சக்தி கூடும் என்பது பொய்யல்ல. சுழலும் கிராங்க் ஆயிலை அடித்துக் கலக்குவதில் வீணாகும் சக்தி குறைகிறது. ஸ்கேவஞ்ச் பம்ப், கிராங்க் ஷாஃப்டைச் சுற்றியுள்ள கூடான கிராங்க் கேஸிலிருந்து காற்றையும் சேர்த்து இழுப்பதால் உள்ளே அழுத்தம் தாழ்ந்து, பிஸ்டன் ரிங்குகள் இன்னும் நன்றாக அடைத்து நிற்கின்றன. ஆனால் இந்த லாபம் மிக உயர்ந்த ஆர்பிஎம்மில் ஓடும் பந்தய எஞ்சின்களில்தான் சொல்லத்தக்க அளவில் கிடைக்கிறது. அதிலும் ஒரு பங்கைப் பல பிரிவுகள் கொண்ட அந்தப் பம்பைச் சுற்றுவதே எடுத்துக்கொள்கிறது. உங்களுடையது டர்போ எஞ்சின் என்பதால், சக்திதான் நோக்கம் என்றால் அதே பணத்தை, டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் எரிபொருள் அமைப்புக்கும் முறையான டியூனிங்குக்கும் செலவிடுவது பல மடங்கு பயன் தரும். ஹார்ஸ் பவருக்காக டிரை சம்ப் வாங்குகிறேன் என்று சொல்பவரிடம் நான் வாதம் செய்வதுகூட இல்லை.

ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது அளந்து பார்ப்பது. டாஷ்போர்டில் உள்ள எச்சரிக்கை விளக்கை நம்பாதீர்கள். அது பொதுவாக அழுத்தம் அரை பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கீழே போன பிறகுதான் எரியும், அதற்குள் தடத்தில் எஞ்சினுக்குச் சேதம் நேர்ந்திருக்கும். ஆயில் பிரஷர், ஆயில் வெப்பநிலை இரண்டுக்கும் தரமான சென்சார் பொருத்தி, ஆர்பிஎம்முடனும் பக்கவாட்டு விசையுடனும் சேர்த்து, வினாடிக்குக் குறைந்தது பத்து முறையாவது பதிவுசெய்யுங்கள். பிறகு ஒரே ஆர்பிஎம்மில் நேர்ப்பாதையில் எவ்வளவு அழுத்தம் இருந்தது, நீண்ட வளைவின் முடிவில் எவ்வளவு இருந்தது என்று ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்கள் சம்பைத் தொடவே வேண்டாம். வலப்பக்க வளைவில் மட்டும் விழுகிறது, அல்லது கடுமையாகப் பிரேக் போடும்போது மட்டும் விழுகிறது என்று தெரிந்தால், கோளாறு எந்தத் திசையில் என்பதும் தெரிந்துவிடும்.

அப்படி விழுந்தாலும் டிரை சம்புக்கு முன்னால் சில எளிய படிகள் இருக்கின்றன. சம்பின் உள்ளே தடுப்புத் தட்டுகளை வெல்டு செய்து, ஆயிலை ஸ்ட்ரெய்னர் பக்கம் மட்டும் விட்டு, திரும்பிப் போகாமல் தடுக்கும் கதவுகளைப் பொருத்தலாம். கிராங்க் ஆயிலை அடித்துக் கலக்காதபடி, இரண்டுக்கும் இடையே விண்டேஜ் டிரே (windage tray) என்ற தட்டை வைக்கலாம். சம்பையே பக்கவாட்டில் அகலப்படுத்திக் கொள்ளளவைக் கூட்டலாம். இவற்றோடு ஆயில் அக்யூமுலேட்டர் ஒன்றையும் சேர்த்தால், அதில் அழுத்தத்துடன் அடைபட்டிருக்கும் 2 அல்லது 3 லிட்டர் ஆயில், பிரஷர் விழும் கணத்தில் தானாக எஞ்சினுக்குள் பாயும். அது சில வினாடிகளுக்கு மட்டுமே தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலான வளைவுகளும் சில வினாடிகளில் முடிந்துவிடுகின்றன. வெப்பநிலை 130 டிகிரியைத் தாண்டினால் தெர்மோஸ்டாட்டுடன் கூடிய ஆயில் கூலரும் வேண்டும், ஏனென்றால் அந்தச் சூட்டில் மெலிந்துபோன ஆயில் நேர்ப்பாதையிலேயே அழுத்தத்தை இழக்கும்.

இவ்வளவு செய்தும் பதிவில் பள்ளம் தெரிந்தால், அப்போது டிரை சம்ப் வாங்குங்கள். ஸ்லிக் டயரும் கீழழுத்தம் தரும் பெரிய விங்கும் சேர்ந்து நீண்ட வளைவுகளில் 1.5 ஜி அளவைத் தொடர்ந்து தாங்கும் கார், சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருப்பதால் வளைவில் வெளிப்பக்க ஹெட்டில் ஆயில் சிக்கிக்கொள்ளும் பாக்ஸர் எஞ்சின், வேறொரு காரின் எஞ்சினை மாற்றி வைத்ததில் பழைய சம்ப் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும் நிலை ஆகியவற்றில் வேறு வழி இருப்பதில்லை.

பொருத்துவது என்று முடிவுசெய்தால் அரைகுறையாகச் செய்யாதீர்கள். காற்றோடு கலந்து வரும் ஆயிலை இழுக்க வேண்டியிருப்பதால், ஸ்கேவஞ்ச் பிரிவுகளின் மொத்தக் கொள்திறன் பிரஷர் பிரிவைவிடத் தெளிவாக அதிகமாக இருக்க வேண்டும். டேங்கிலிருந்து பிரஷர் பம்புக்கு வரும் ஹோஸ் அமைப்பிலேயே பெரியதாகவும், கூர்மையான திருப்பங்கள் இல்லாமலும் இருக்க வேண்டும். பம்பைச் சுற்றும் பல்பெல்ட் அறுந்தாலோ கழன்றாலோ ஆயில் ஓட்டம் முழுவதும் அங்கேயே நின்றுவிடும் என்பதால், பிரஷர் விழுந்த உடன் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்பையும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவில் அமைத்துக்கொள்ளுங்கள். பம்புக்கு இடம் தேடும்போது பல கார்களில் ஏசி கம்ப்ரஸரே வெளியேற வேண்டியிருக்கும். சாலையில் ஓட்டும் உங்களுக்கு அந்த இழப்பு சிறியதல்ல.

கேள்வி: என் காரில் ஏற்கெனவே டிரை சம்ப் இருக்கிறது. ஒரு வாரம் நிறுத்திவைத்த பின் டேங்கில் ஆயில் குறைந்திருந்ததால் ஊற்றி நிரப்பினேன். எஞ்சினை இயக்கியதும் டேங்கின் மூச்சுக் குழாய் வழியாக ஆயில் வெளியே கொட்டியது. கசிவு எங்கே இருக்கும்?

பதில்: பெரும்பாலும் கசிவே இருக்காது. வண்டி நிற்கும்போது டேங்கில் உள்ள ஆயில் பம்பின் நுண்ணிய இடைவெளிகள் வழியாக மெல்ல எஞ்சினுக்குள் இறங்கிவிடும். இயக்கியதும் அது டேங்குக்கே திரும்பியபோது, நீங்கள் ஊற்றியது மிகையாகி வெளியேறியிருக்கிறது. தயாரிப்பாளர் வேறு முறை சொல்லியிருந்தாலொழிய, எஞ்சினை முழுச் சூட்டுக்கு ஓட்டி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதோ நிறுத்திய உடனேயோ அளவைப் பாருங்கள். பல நாள் நின்ற வண்டி என்றால், முதலில் எரிபொருளைத் துண்டித்து, ஆயில் பிரஷர் காட்டும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றுங்கள்.

கேள்வி: டிரை சம்பில் 10 லிட்டர் ஆயில் இருப்பதால், ஆயில் மாற்றும் இடைவெளியை இரட்டிப்பாக்கலாமா?

பதில்: தடத்தில் மட்டும் ஓடும் காரில் ஓரளவு நீட்டிக்கலாம். குறுகிய பயணங்களுக்கும் ஓடும் காரில் வேண்டாம்: அவ்வளவு ஆயில் சூடேற நேரம் பிடிப்பதால், அதில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கிவிடும். எப்போது மாற்றினாலும், ஸ்கேவஞ்ச் குழாய்களின் வாயில் உள்ள வலைகளைக் கழற்றி உலோகத் துகள் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பேரிங் தேயத் தொடங்கினால் முதல் அடையாளம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.